தீபாவளிக்கு நான் எடுத்த மூன்று நாள் ஓய்வு

பண்டிகை நாளில் காலை நீட்டிப் படுத்து ஓய்வெடுத்த மருமகளை எங்கள் பக்கத்தில் நான் பார்த்ததேயில்லை. ஒரே ஒருத்தியைத் தவிர. அவள் நான்தான் என்பதையும், அந்த ஓய்வுக்காக நான் சொன்னது பச்சைப் பொய் என்பதையும் முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன்.

எழுபதுகளின் நடுவில், பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து, எல்லை தாண்டிக் கேரளத்தில் இருக்கும் கொழிஞ்சாம்பாறைக்கு அருகே ஒரு தோட்டத்து வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தேன். கல்யாணமாகி ஒன்றரை வருடம். குழந்தை இல்லை. தீபாவளிக்கு மூன்று நாத்தனார்களும் குடும்பத்தோடு வருவார்கள். அவர்கள் வருவதற்கு ஒரு வாரம் முன்பே ஆட்டுக்கல் சுற்ற ஆரம்பித்துவிடும். (தானாகச் சுற்றாது. நானும் மாமியாரும்தான் சுற்றுவோம்.)

அந்த வருடம் பார்த்து ஒரு வாரப் பத்திரிகையில் யாரோ ஒரு டாக்டர் எழுதியிருந்தார். பண்டிகைக் காலத்தில் பெண்கள் மனதையும் உடம்பையும் பேண வேண்டுமாம். மூச்சை ஆழ இழுத்துவிட வேண்டுமாம். மதியம் அரை மணி நேரம் படுக்க வேண்டுமாம். எல்லாவற்றுக்கும் மேலாக, 'முடியாது' என்று அன்போடு சொல்லப் பழக வேண்டுமாம். அந்த டாக்டருக்கு மாமியார் இருந்திருக்க வாய்ப்பே இல்லை. ஆனால் எனக்கு அப்போது இருபத்தோரு வயது, அச்சில் வந்ததையெல்லாம் நம்புவேன்.

மூச்சை ஆழ இழுத்துக்கொண்டு மாமியாரிடம் போனேன்.

"ஏனுங்க அத்தை, கையெல்லாம் கடுக்குது. மத்தியானம் ஒரு அரை மணி நேரம் படுத்துக்கட்டுங்களா?"

"படுத்துக்கோ கண்ணு, அதுக்கென்ன?" என்றார் வெகு அன்பாக. "படுக்கறதுக்கு மின்னாடி அந்த உளுந்தை மட்டும் ஆட்டிப் போட்டுரு."

அந்த உளுந்து நாலு படி. அதை ஆட்டும்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. அந்தக் காலத்தில் வீட்டுக்குத் தூரமானால் மூன்று நாள் விலகி இருக்க வேண்டும். அடுப்படிக்குள் நுழையக்கூடாது, எதையும் தொடக்கூடாது. பின்புறம் கடலைக்காய் மூட்டை அடுக்கும் ஓலைச் சாளையில் பாயைப் போட்டுக்கொண்டு தனியாகக் கிடக்க வேண்டும். இதைக் கஷ்டம் என்று நினைத்தவர்கள் தீபாவளிக்கு மாவாட்டியிருக்க மாட்டார்கள். தவிர, எனக்கு நிஜமாகவே நாலு நாள் தள்ளிப்போயிருந்தது. இன்றோ நாளையோ வரத்தானே போகிறது, கொஞ்சம் முன்கூட்டிச் சொன்னால் என்ன குடி முழுகிவிடும் என்று நினைத்தேன்.

தீபாவளிக்கு இரண்டு நாள் முன்பு போய்ச் சொன்னேன். மாமியாரின் முகம் சட்டென்று வாடிவிட்டது. வேலைக்கு ஆள் குறைகிறதே என்ற கவலை என்று நினைத்துக்கொண்டேன். இந்த மாதமாவது நின்றிருக்குமா என்று அவர் நாள் எண்ணிக்கொண்டிருந்தது எனக்கு உறைக்கவில்லை. என் நினைப்பெல்லாம் தலையணை மேல்தான் இருந்தது.

ஆகா, அந்த மூன்று நாட்கள்! வேளாவேளைக்கு மாமியாரே தட்டைக் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டுப் போவார். முறுக்கும் கச்சாயமும் சூடாக வந்தன. மூட்டையில் சாய்ந்துகொண்டு பழைய பத்திரிகைகளையெல்லாம் விளம்பரம்வரை படித்தேன். நாத்தனார்கள் பாத்திரம் தேய்க்கும் சத்தம் கேட்கும்போது மட்டும் புரண்டு படுத்தேன்.

நான்காம் நாள் தலைக்கு ஊற்றிக்கொண்டு உள்ளே போனேன். நிஜமானது மட்டும் வரவேயில்லை. கார்த்திகையில் வாந்திதான் வந்தது.

வீடே கொண்டாடியது. மாமியார் உடனே விரல் விட்டு எண்ணினார். அவர் எண்ணியது தீபாவளியிலிருந்து. பிறகு மருத்துவச்சி, ஜோசியர், ஊர்க்காரர்கள் எல்லோருக்கும் அந்தக் கணக்குதான். சரியான கணக்கு தெரிந்த ஒரே ஆள் நான். என் வீட்டுக்காரரிடம் சொல்லலாம் என்றால், அவரிடம் ரகசியம் சொல்வதும் சந்தையில் மைக் வைத்துச் சொல்வதும் ஒன்று. முதல் பிரசவம் தள்ளிப்போகும் என்று யாரோ சொன்னதை நம்பிக்கொண்டு வாயைத் திறக்காமல் இருந்துவிட்டேன்.

எங்களில் ஒன்பதாம் மாதம் கட்டுச்சோறு விருந்து உண்டு. பெண்ணைப் பெற்றவர்கள் விதவிதமாகச் சோறு கட்டிக்கொண்டு வந்து, எல்லோருக்கும் விருந்து வைத்து, பெண்ணைப் பிரசவத்துக்கு அழைத்துப் போவார்கள். ஆடியில் நல்ல காரியம் கிடையாது என்பதால் ஆனிக் கடைசியில் நாள் குறித்தார்கள். என் கணக்குப்படி அது பிரசவ நாள்.

அன்று அம்மாவும் அப்பாவும் வாடகை வேனில் ஐந்து அண்டா சோற்றோடு வந்து இறங்கினார்கள். அம்மா புளிச்சோற்றை எனக்கு ஊட்ட, இரண்டாவது வாயில் வலி கண்டுவிட்டது. இறக்கிய அண்டா மூன்று, இறக்காத அண்டா இரண்டு. அந்த இரண்டுக்கும் நடுவில் என்னை உட்காரவைத்து வேனை ஆஸ்பத்திரிக்கு விரட்டினார்கள். சாயங்காலம் பையன் பிறந்தான்.

அதற்குள் வராந்தாவில் மாமியார் அழுது தரையில் சரிந்திருந்தார். எட்டு மாதத்தில் பிறந்த குழந்தை தங்காது என்பது அவர் நம்பிக்கை. மலையாளத்து நர்ஸ் வந்து சிரித்தபடி சொன்னாள்: "மாசம் தெகஞ்ச குட்டியாணு அம்மே. நல்ல தூக்கம் உண்டு." (மாசம் நிறைந்த குழந்தைதானாம். தூக்கம் என்றால் அவர்கள் பாஷையில் எடை.)

"உனக்கென்ன தெரியும்? தீவாளிக்கு மூணு நாளும் இவ சாளையில கெடந்தா. நாந்தான் ரண்டு நேரமும் சோறு கொண்டுபோய் வெச்சேன்!" என்று வார்டு முழுக்கக் கேட்கும்படி கத்தினார் மாமியார். பிறகு என் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று பழனி இருக்கும் திக்கைப் பார்த்துக் கும்பிட்டார். "முருகா, எம்பேரனைக் காப்பாத்து. நடந்தே வர்றேன். என் முடியக் குடுக்கறேன். இவ முடியவும் சேத்திக் குடுக்கறேன்!"

"அத்தை!" என்று அலறினேன். "தீவாளிக்கு நான் தூரமே ஆகலீங்க. பொய் சொல்லிப்போட்டனுங்க."

(வாயைத் திறந்தது அவர் அழுகையைத் தாங்க முடியாமலா, என் முடிக்காகவா என்று இன்றுவரை எனக்கே உறுதியில்லை. இடுப்புக்குக் கீழே இருந்தது.)

என் அம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள். மாமியார் மறுபடி விரல் விட்டு எண்ணினார்.

"அப்ப கொழந்தைக்கு ஒண்ணுமில்லையா?"

"இல்லீங்க அத்தை."

"நெசமா?"

"நெசமுங்க."

அவர் குழந்தையை எடுத்து மார்போடு சேர்த்துக்கொண்டு மறுபடியும் அழுதார். அன்று எனக்கு வந்த வெட்கம் போல் பிறகு எப்போதும் வந்ததில்லை. நான் தலையணையை நினைத்துச் சொன்ன பொய், அவரை ஒரு சாயங்காலம் முழுக்கக் கொன்றிருந்தது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார்: "படுக்கோணும்னா எங்கிட்டச் சொல்லியிருக்கலாமல்ல?"

"சொன்னனுங்க அத்தை. உளுந்தை ஆட்டிப் போட்டுட்டுப் படுன்னு சொன்னீங்க."

வேனில் இருந்த தயிர்ச்சோற்றை வார்டில் எல்லோருக்கும் பரிமாறச் சொல்லிவிட்டு மாமியார் வெளியே போய்விட்டார்.

அடுத்த தீபாவளிக்கு முந்தின நாள், நாத்தனார்கள் மூவரும் வந்து இறங்கிய நேரம். ஐம்பத்தெட்டு வயதான என் மாமியார் கையில் பாயும் தலையணையுமாக அடுப்படி வாசலில் வந்து நின்றார்.

"அம்மிணி, நான் ஊட்டுக்குத் தூரம். மூணு நாளைக்கு நீங்க நாலு பேரும் பாத்துக்கோங்க" என்று சொல்லிவிட்டுச் சாளைக்கு நடந்தார். வேளாவேளைக்கு நான்தான் தட்டு கொண்டுபோனேன்.

அதிலிருந்து எங்கள் குடும்பத்தில் பண்டிகை நாளில் யார் சாய்ந்தாலும், ஆணோ பெண்ணோ, கேள்வி ஒன்றுதான். போன தீபாவளிக்கும் என் மகன் மதியம் சோபாவில் காலை நீட்டினான். மருமகள் கரண்டியும் கையுமாக வந்து, "ஏனுங்க, தூரமா?" என்றாள்.

"ஆமா, இன்னும் ரண்டு நாளாகும்" என்று சொல்லிவிட்டு, அந்த மாசம் நிறைந்த குழந்தை புரண்டு படுத்தது.