அறுபத்திரண்டு காய்ச்சல்

மணி பன்னிரண்டாகியும் புறநோயாளி நோட்டில் ஏழு பேர்தான் ஏறியிருந்தார்கள். அதில் ஒருவர் கழிப்பறை எங்கே இருக்கிறது என்று கேட்க வந்தவர். செவிலியர் உமாதேவி அவரையும் சும்மா விடவில்லை. 'தலைவலி' என்று எழுதிக்கொண்டாள்.

அவளை இப்படி எழுத வைத்தது மேஜைமேல் கிடந்த கடிதம். நாளொன்றுக்கு நாற்பது பேர்கூட வராத ஆரம்ப சுகாதார நிலையங்களை இழுத்து மூடிவிட்டு, பக்கத்து ஊரோடு சேர்க்கப் போகிறார்களாம். இந்த வாரக் கணக்கு மேலிடத்துக்குப் போய்ச் சேர்ந்தால் முடிந்தது கதை. செங்கரைப்பட்டிக்கு அவள் வந்து பதினோரு வருஷம் ஆகிறது. ஊர்ப் பிள்ளைகளில் பாதி அவள் கையில் பிறந்தவை. இனிப் பிரசவ வலியோடு ஒருத்தி பதினாறு கிலோமீட்டர் ஆட்டோவில் குலுங்க வேண்டும்.

எல்லாம் அந்தக் கார்டு செய்த வேலை! மத்திய அரசும் மாநில அரசும் சேர்ந்து கொடுத்த அஞ்சு லட்ச ரூபாய்க் காப்பீட்டு அட்டை கைக்கு வந்ததிலிருந்து, ஊருக்கு ஏசி இல்லாமல் தும்மல்கூட வருவதில்லை. கம்பத்துத் தனியார் ஆஸ்பத்திரி ஒன்றின் வேன் தினமும் வந்து, ஹாரன் அடித்து ஆள் ஏற்றிப் போனது.

வேனுக்குக் கிளம்பிய திராட்சைத் தோட்டத்து ராக்கையாவை உமாதேவி வாசலிலேயே மறித்தாள்.

"ஏண்ணே, பிரஷர் மாத்திர நான் குடுக்கலையா?"

"குடுத்தீக தாயி. ஆனா அங்கன கட்டில்ல படுக்கப் போட்டு டிவி போடுறாக. அஞ்சு லட்சத்த கையில வச்சுக்கிட்டு பெஞ்சுல உக்காரச் சொல்றீகளே!"

வேன் போய்விட்டது. ஆஸ்பத்திரியைக் கூட்டிப் பெருக்கும் மலையம்மாள் விளக்குமாற்றைச் சாய்த்துவிட்டு வந்தாள்.

"சிஸ்டர், நம்ம சனம் நல்லது சொன்னா வராது. சுண்டல் போடுங்க, வரும்."

மறுநாள் காலை கொண்டைக்கடலை, தேங்காய், மாங்காய் எல்லாம் போட்டு ஒரு குண்டான் சுண்டல் தயாரானது. அறுபத்திரண்டு பேர் வந்தார்கள். ஒருத்தருக்கும் ஒரு நோவும் இல்லை. ஆனால் நோய் என்ற கட்டம் காலியாக இருந்தால் கம்ப்யூட்டர் பெயரையே ஏற்காது. டாக்டரம்மா பேறுகால லீவில் இருந்ததால் கம்ப்யூட்டரும் உமாதேவி பொறுப்புதான். அத்தனை பேருக்கும் 'காய்ச்சல்' என்று தட்டிவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போனாள்.

விடிந்ததும் மாவட்ட சுகாதார அலுவலகத்திலிருந்து போன்.

"ஒரே ஊர்ல ஒரே நாள்ல அறுபத்திரண்டு காய்ச்சலா? கம்ப்யூட்டர்ல செவப்பா எரியுது சிஸ்டர்! இன்னைக்கும் காய்ச்சல் வந்தா டீம் வரும்."

"ஐயோ சார், சாதாக் காய்ச்சல். எல்லாருக்கும் விட்டுருச்சு!"

அன்றைக்கும் சுண்டலுக்குக் கூட்டம் குறையவில்லை. உமாதேவி யோசித்தாள். யாருக்கும் பயம் தராத நோயாகப் பார்த்து எழுத வேண்டும். கால்வலிக்கு எவன் டீம் அனுப்பப் போகிறான்? எல்லாருக்கும் கால்வலி என்று போட்டாள்.

ஒரு மணி நேரத்தில் மறுபடியும் போன் அலறியது.

"நேத்து காய்ச்சல், இன்னைக்கு அதே ஆளுகளுக்குக் கால்வலி. சிஸ்டர், இது சிக்குன்குனியா! வண்டி கிளம்பியாச்சு!"

உமாதேவி போனை வைத்துவிட்டு ஓடிப்போய் மலையம்மாளைப் பிடித்தாள். "ஆத்தா, ஓடிப்போயி வீடு வீடாச் சொல்லு. டீம்காரக கேட்டா, நல்லா இருக்கோம், ஒண்ணுமில்லன்னு சொல்லச் சொல்லு."

மலையம்மாள் சொன்னாள். அங்கேதான் கெட்டது. ஒன்றுமில்லை என்று வீடு வீடாக வந்து சொல்கிறார்கள் என்றால் என்னவோ பெரிய வியாதி என்று ஊர் முடிவு கட்டிவிட்டது. இருநூறு பேர் ஆஸ்பத்திரிக்கு ஓடிவந்தார்கள். சேதி கேட்ட வேன் டிரைவர் ஆள் ஏற்றாமலே வண்டியைத் திருப்பிக்கொண்டு பறந்தான். ராக்கையா வேட்டியை மடித்துக்கொண்டு காலை நீட்டினார்.

"தாயி, நெசமாவே வலிக்குது! நீங்க காலையில எழுதுனீகளே, அப்பருந்து வலிக்குது!"

அதற்குள் கொசு ஒழிப்புப் பிரிவு ரெண்டு வண்டியில் வந்து இறங்கியது. பொறுப்பாளர் சுயம்புலிங்கம் சிரிப்பென்றால் என்னவென்று கேட்கும் ஆள். தெருவெல்லாம் புகை அடித்தார். குடம், தொட்டி, உரல் என்று ஒன்று விடாமல் கவிழ்த்துப் பார்த்தார். அறுபது பேருக்கு ரத்தம் எடுத்து அங்கேயே சோதித்தார். கொசுப்புழு ஒன்றுகூட இல்லை. ரத்தத்திலும் ஒன்றும் இல்லை.

சாயங்காலம் காகிதங்களோடு உள்ளே வந்து கதவைச் சாத்தினார்.

"சிஸ்டர், இந்த ஊர்ல யாருக்கு நோவு?"

உமாதேவிக்குப் பொலபொலவென்று கண்ணீர் வந்துவிட்டது.

"யாருக்குமே இல்ல சார். நாந்தான் பொய்யா எழுதுனேன். என்னைய வேணா சஸ்பெண்ட் பண்ணுங்க, ஆஸ்பத்திரிய மட்டும் மூட விட்டுராதீக!"

சுயம்புலிங்கம் ஜன்னல் வழியே வெளியே எட்டிப் பார்த்துவிட்டு, நாற்காலியைக் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"எழுதுனத அழிச்சுகிழிச்சுப்புடாதீக சிஸ்டர். 'காய்ச்சல் வந்தா கார்டு இருக்கு, கொசுவ எதுக்கு வெரட்டணும்'னு எங்க பிரிவையும் இந்த மாசத்தோட மூடப் போறாக. அடுத்த வாரம் டெங்குல ஒரு அம்பது பேரு போட்டுவிடுவீகளா?"