குளத்து சர்வரும் சிவப்பே இல்லாத சார்ட்டும்

ஒரு காட்டில் சிங்கம், புலி, மான் எல்லாரோடும் ஒரு கம்ப்யூட்டர் சர்வரும் குடியிருந்தது. அட, நம்புங்கள்! அந்தக் காட்டில் இருப்பது ஒரே குளம். புலி தண்ணீர் குடிக்கிற நேரத்தில் மான் போய் நின்றால் என்ன ஆகும்? அதனால் யார் எப்போது போகலாம் என்று எல்லார் செல்போனுக்கும் டோக்கன் அனுப்புவது அந்த சர்வரின் வேலை. நல்ல சர்வர்தான். என்ன, நினைத்தால் படுத்துக்கொள்ளும். அது படுத்த நாளில் மான் கூட்டத்தில் ஒரு தலை குறையும், புலிக்கு ஏப்பம் வரும்.

சர்வரைப் பார்த்துக்கொண்டது ஒரு அழுங்கு. உடம்பெல்லாம் செதில், பயந்தால் பந்து மாதிரிச் சுருண்டுவிடும். சர்வர் அறையில் ஏசி உண்டு என்பதால் அந்த வேலையை உயிராக நினைத்திருந்தது. வருஷக் கடைசியில் சிங்கராஜா அதைக் கூப்பிட்டனுப்பினார்.

"டேய், இந்த வருஷம் சர்வர் எப்பெப்போ படுத்துச்சுன்னு சபையில சார்ட்டா காட்டணும். சிவப்பு கண்ணுல பட்டுச்சு, மறுநாள் நீ வேலையில இல்ல."

அழுங்கு அங்கேயே சுருண்டது. காவலர்கள் அதை உருட்டித்தான் வெளியே விட்டார்கள்.

உருண்டு போய் நின்ற இடம் குரங்கின் மரத்தடி. குரங்குக்கு ஜாவாஸ்கிரிப்ட் தெரியும். வாழைப்பழம் கொடுத்தால் இன்னும் நன்றாகத் தெரியும். கொடுத்தது அழுங்கு. சாயங்காலத்துக்குள் சார்ட் ரெடி! நாளுக்கு ஒரு கட்டம், ஓடினால் பச்சை, படுத்தால் சிவப்பு, மவுஸை வைத்தால் கட்டம் துள்ளும். குரங்கு செய்தது துள்ளாமல் இருக்குமா?

அழுங்கு உற்றுப் பார்த்தது. எங்கே பார்த்தாலும் பச்சை, அங்கங்கே ஏதோ கொஞ்சம் சிவப்பு.

"தம்பி, ஆவணி மாசம் பூரா படுத்துக் கிடந்துச்சேப்பா! அது எப்படிப் பச்சை?"

"அண்ணே, சர்வர் தன் உடம்பு எப்படி இருக்குன்னு தானேதான் எழுதி வைக்குது. திணறினா 'திணறுறேன்'னு எழுதும், அது சிவப்பு. அடியோட படுத்துட்டா யாரு எழுதுவா? ஒண்ணும் எழுதாத நாளுக்கெல்லாம் பச்சை அடிச்சுடுன்னு கோடிங்ல போட்டிருக்கேன். கட்டம் வெத்தா இருந்தா அசிங்கமா இருக்கும் பாருங்க."

மறுநாள் சபை கூடியது. கட்டங்கள் துள்ளத் துள்ள முயல்கள் விசிலடித்தன. சிங்கராஜா மட்டும் அந்தக் கொஞ்சச் சிவப்பை முறைத்துக்கொண்டிருந்தார். அப்போது பூங்குழை என்ற மான் எழுந்தது.

"ராஜா, ஆவணியில டோக்கன் வராமத்தான் என் தங்கச்சி குத்துமதிப்பா குளத்துக்குப் போனா. இன்னும் வரல. அந்த நாளும் பச்சையா இருக்கே?" என்றது.

விசில் நின்றது. ஏசி போனால் போகட்டும் என்று அழுங்கு, பிறந்ததிலிருந்து முதல் தடவையாகச் சுருளாமல் நிமிர்ந்து நின்று எல்லாவற்றையும் போட்டு உடைத்துவிட்டது.

"செத்துக் கிடந்த நாளெல்லாம் பச்சை, மகாராஜா! உயிரோட ஓடித் திணறின நாள்தான் சிவப்பு. இந்த சார்ட்டே தப்பு. என்னை வேலையை விட்டு அனுப்பினாலும் சரி."

வேறு கதையாக இருந்தால் இந்த இடத்தில் ராஜா கண்கலங்கி அழுங்கைக் கட்டிப்பிடித்திருப்பார். இந்த ராஜாவும் கட்டிப்பிடித்தார், செதில் குத்தக் குத்த!

"தங்கமே, இதை முதல்லயே சொல்லக் கூடாதா? ஓடினாத்தான் சிவப்பு வருதுன்னா அதை எதுக்குடா ஓட விடுறே? அணைச்சுப் போடு!"

அணைத்தார்கள்.

"அப்போ தண்ணிக்கு டோக்கன்?" என்று கேட்டது பூங்குழை.

புலி வாயைத் துடைத்துக்கொண்டது. "டோக்கன் எதுக்கு அம்மணி? நேர்ல வாங்க, பேசிக்கலாம்."

அடுத்த வருஷம் சார்ட்டில் பொட்டுச் சிவப்பு இல்லை. பக்கத்துக் காட்டிலிருந்தெல்லாம் வந்து செல்ஃபி எடுத்தார்கள். அழுங்குக்குச் சிறந்த ஊழியர் விருது, கூடவே இன்னொரு ஏசி. மான்கள் தரப்பிலிருந்து ஒரு புகார்கூட இல்லை. பூங்குழை புலியிடம் பேசப் போயிருந்தது.

நீதி: உண்மையை ஒருபோதும் மறைக்காதீர்கள் குழந்தைகளே. அதை வைத்து மேலிடம் எவ்வளவோ செய்துகொள்ளும்.