பதினெட்டாம் நிமிடத்துக் காது

ஒரு காட்டில் ஒரு சிங்கம் இருந்தது. இருந்துவிட்டுப் போகட்டும், நம் கதையில் அதற்கு வேலை இல்லை. நம் கதை அதே காட்டில் ஓடையோரமாக வளை தோண்டிக் குடியிருந்த ஒரு முயலைப் பற்றியது. பெயர் சௌந்தரபாண்டி. பெயரைக் கேட்டுப் பெரிய ஆள் என்று நினைத்துவிடாதீர்கள். சருகு விழுந்தால் மூன்றடி துள்ளுகிற ஆள்தான். அவன் மனைவி செண்பகவடிவுக்கு நிறைமாசம். மழைக்காலம் தொடங்க இன்னும் இருபது நாள்தான் இருந்தது. பிறக்கப்போகும் குட்டிகளுக்காக வளைக்குள் புல் மெத்தைகூடப் போட்டு வைத்துவிட்டார்கள்.

பத்து வருஷத்துக்கு முன்னால் அந்தக் காட்டில் 'சேறு' என்று ஒரு க்ரைம் தொடர் வந்தது. மடு முனியன் என்ற முதலை, தண்ணீர் குடிக்க வந்தவர்களையெல்லாம் காலைப் பிடித்து இழுத்து, மடுவையே தன் ராஜ்யமாக்கிக்கொண்ட கதை. மொத்தம் அறுபத்திரண்டு எபிசோடு. மான்கள்கூட முனியன் படம் போட்ட பனியனை மாட்டிக்கொண்டு தண்ணீர் குடிக்கப் போயின. பாதி மான்கள்தான் திரும்பி வந்தன. வந்தவை அடுத்த எபிசோடு எப்போது என்று கேட்டன.

இப்போது அந்தத் தொடருக்கு முன்கதை எடுத்தார்கள். 'சேறு: மழைக்கு முன்' என்று பெயர். முனியன் குட்டியாக இருந்தபோது தங்கமான பிள்ளையாம், அப்புறம் எப்படிக் கெட்டுப்போனான் என்று காட்டப் போகிறார்களாம். இயக்குநர் ஒரு நரி. குட்டி முனியனின் உயிர் நண்பனாக நடிக்க ஒரு முயல் வேண்டும் என்றார்கள். சௌந்தரபாண்டி போய் நின்றான், எடுத்துக்கொண்டார்கள். செண்பகவடிவு அன்றைக்கே சொன்னாள், "முதலை கூட நடிக்கப் போறீங்க, எனக்கு என்னமோ சரியாப் படல." கேட்டால்தானே!

முதல் எபிசோடு வெளியான அன்று மலைக்குகையில் காடே கூடிவிட்டது. மத்தியானக் காட்சி. குகை வாசலில் முனியனுக்கு இருபதடி கட்அவுட். பாலாபிஷேகத்துக்கு எருமைகள் பால் தர மறுத்துவிட்டதால் எருக்கம்பாலை ஊற்றினார்கள். ஊற்றியவர்களுக்கு இரண்டு நாள் கண் எரிந்தது. ரசிகர் மன்றத் தலைவர் கலியமூர்த்தி என்ற குரங்கு, கட்அவுட்டின் மூக்கில் ஏறி நின்று விசிலடித்தார்.

படம் ஓடியது. குட்டி முனியன் பசியோடு கரையில் கிடக்கிறான். சௌந்தரபாண்டி ஓடிவந்து ஒரு கெண்டை மீனை நீட்டுகிறான். "நீ சாப்பிடுடா முனியா. எனக்குப் பசிக்கல" என்கிறான். முயல் எந்தக் காலத்தில் மீன் தின்றது என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. குகை முழுக்க மூக்குறிஞ்சும் சத்தம்.

அந்தக் காட்சியில் பின்னால் ஒரு உடும்பு கையில் தாளோடு நின்று முறைத்துக்கொண்டிருந்தார். அவர் நடிக்க வந்தவரே இல்லை. வனப் பதிவு அலுவலகக் குமாஸ்தா ஏகாம்பரம். படப்பிடிப்புக்கு அனுமதிச் சீட்டு வாங்கினீர்களா என்று கேட்க வந்தவர் கேமராவில் விழுந்துவிட்டார். "யாருய்யா அது, பேப்பரோட?" என்று ஒரு குரல் கேட்டது. சிரித்தார்கள், அதோடு மறந்துவிட்டார்கள்.

படம் முடிந்ததும் கலியமூர்த்தி ஒரு பாறைமேல் தாவினார்.

"எல்லாரும் உக்காருங்கய்யா! பழைய சேறுல முப்பத்தொம்பதாவது எபிசோடு. முனியன் மழையில நனைஞ்சுக்கிட்டே என்ன சொல்றாரு?"

கூட்டம் ஒரே குரலில் சொன்னது: "எனக்குன்னு ஒரே ஒரு நண்பன் இருந்தான். அவன் இப்ப இல்ல!"

"இந்த முயலு பழைய சேறுல எங்கயாவது வருதா?"

"இல்ல!"

"அப்ப?"

குகையே திரும்பிச் சௌந்தரபாண்டியைப் பார்த்தது. ஒரு காட்டெருமை வாய்விட்டு அழுதது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த கீரி, அவன் கையிலிருந்த பொரிப் பொட்டலத்தை மெதுவாக உருவிக்கொண்டது. "உனக்கு எதுக்குப்பா இனிமே" என்றது, ரொம்பப் பாசமாக.

மறுநாள் காலையில் சௌந்தரபாண்டி வளையை விட்டுத் தலையை நீட்டினால் எதிரே ஃப்ளெக்ஸ் பேனர். கண்ணீர் அஞ்சலி. நடுவில் அவன் போட்டோ. 'தோற்றம்: எபிசோடு 1. மறைவு: விரைவில்' என்று போட்டிருந்தது. கீழே வருந்துவோர் வரிசையில் கலியமூர்த்தியின் போட்டோ, கறுப்புக் கண்ணாடியோடு, காதில் செல்போனோடு, இறந்தவர் போட்டோவைப் போல இரண்டு மடங்கு பெரிதாக இருந்தது.

சௌந்தரபாண்டி ஓடினான். "தலைவரே, அது வெறும் நடிப்பு. நான் உயிரோடதான் இருக்கேன்."

கலியமூர்த்தி அவன் முதுகைத் தடவிக்கொடுத்தார். "உனக்குத் தெரியாது தம்பி. எங்களுக்குத் தெரியும்."

நரியிடம் ஓடினான். நரி தலையைச் சொறிந்தது. "நான் இன்னும் மூணாவது எபிசோடே எழுதல. நீ சாவியா மாட்டியான்னு எனக்கே தெரியாது. ஆனா ரசிகருங்க சொன்னா சரியாத்தான் இருக்கும். பழைய சேறை அவங்க என்னைவிட அதிகமாப் பாத்திருக்காங்க."

இதோடு போயிருந்தால் பரவாயில்லை. மூன்றாம் நாள் ஒரு முள்ளம்பன்றி அளவு நாடாவோடு வந்து வளை வாசலை அளக்க ஆரம்பித்தது. அந்தக் காட்டில் ஒரு விதி உண்டு. செத்தவர் வளை பதினாறாம் நாள் காலியாகி, வீடு கேட்டு வரிசையில் முதலில் நிற்பவருக்குப் போய்விடும். வரிசையில் நான்கு வருஷமாக முதலில் நிற்பது இந்த முள்ளம்பன்றிதான்.

"உள்ள கால வச்சே, முள்ளப் புடுங்கிப் பல்லு குத்திருவேன்!" என்று கத்தினாள் செண்பகவடிவு.

"கோவப்படாதீங்கம்மா. துக்கம் விசாரிச்சிட்டுத்தானே அளக்குறேன்" என்றது முள்ளம்பன்றி.

சௌந்தரபாண்டி பதிவு அலுவலகத்துக்குப் போய் மூன்று மணி நேரம் வரிசையில் நின்றான். கவுண்டரில் ஏகாம்பரம். மேஜைமேல் முத்திரை, மை, முனியன் ஸ்டிக்கர் ஒட்டிய தண்ணீர் பாட்டில்.

"என்ன வேணும்?"

"உயிரோட இருக்கேன்னு ஒரு சான்றிதழ் வேணும் சார்."

ஏகாம்பரம் பேரேட்டைப் புரட்டினார். "சௌந்தரபாண்டி... காலமாயிட்டாரே."

"சார், உங்க எதிர்லயே நிக்கிறேன்."

"நிக்கிறது வேற, பதிவு வேற. பொதுமக்கள்கிட்ட இருந்து முன்னூத்திப் பத்து மனு வந்திருக்கு. நீ ஒருத்தன் வந்து இல்லைங்கிறே. நான் யாரை நம்புறது?"

"அந்த மனு எல்லாம் பொய் சார். என் சம்சாரத்துக்கு நிறைமாசம் சார்."

"மொதல்ல ஒண்ணு, இறந்தவர் மனு கொடுக்க விதி இல்ல. இருந்தாலும் சொல்றேன். பழைய சேறுல நீ இருந்ததுக்கு ஆதாரம் கொண்டா, இப்பவே கையெழுத்துப் போடுறேன்."

"அந்தத் தொடர் வந்தப்ப எங்க தாத்தாவே பொறக்கலையே சார்!"

"அது உங்க குடும்ப விஷயம். அடுத்த ஆளு!"

உடும்புப்பிடி என்று சும்மாவா சொன்னார்கள்! சௌந்தரபாண்டி வீட்டுக்கு வந்து புல் மெத்தையைப் பார்த்ததும் உடைந்துபோய் அழுதான். "மழையில எங்க போய்க் குட்டி போடுவே வடிவு? எல்லாம் என்னாலதான்."

"அழுதது போதும். அந்தப் போனைக் குடுங்க" என்றாள் அவள்.

அன்றிலிருந்து ஒன்பது நாள், வயிற்றைத் தள்ளிக்கொண்டு ஒருக்களித்துப் படுத்தபடி, பழைய சேறு அறுபத்திரண்டு எபிசோடையும் நிறுத்தி நிறுத்திப் பார்த்தாள். முனியன் மூஞ்சியைப் பார்த்துப் பார்த்துக் குமட்டிக்கொண்டு வந்தது. பன்னிரண்டாம் நாள் "இங்க வாங்க!" என்று ஒரு கூப்பாடு போட்டாள்.

இருபத்தேழாவது எபிசோடு, பதினெட்டாவது நிமிடம். முனியன் ஒரு காட்டுப்பன்றியை இழுத்துக்கொண்டு போகிறான். பின்னால் புதரில் பழுப்பாக, நீளமாக ஏதோ நீட்டிக்கொண்டிருந்தது.

"இது என்ன?"

"காஞ்ச தேக்கிலை."

"நல்லாப் பாருங்க."

"தேக்கிலைதான் வடிவு. நரம்புகூடத் தெரியுது."

"நமக்கு வீடு வேணுமா, வேணாமா?"

சௌந்தரபாண்டி மறுபடியும் குனிந்து பார்த்தான். "காது" என்றான்.

'மடுவின் மைந்தன்' என்று ஒரு பொய்ப் பெயரில் அந்தப் படத்தை இணையத்தில் ஏற்றினாள். சிவப்பு வட்டம், அம்புக்குறி, மேலே 'பத்து வருடமாக யாருமே கவனிக்காத ரகசியம்' என்று ஒரு வரி. அவ்வளவுதான், காடு இரண்டாகப் பிளந்துவிட்டது. காதுக் கட்சி, இலைக் கட்சி. மான்கள் இலைக் கட்சி. "தினம் தின்கிற எங்களுக்கு இலை தெரியாதா?" என்றன. "தின்கிறவனுக்குக் கலை தெரியுமா?" என்று காட்டெருமைகள் முட்ட வந்தன. காட்டெருமைகளும் அதே இலையைத்தான் தின்கின்றன, அதைக் கேட்க ஆளில்லை. நிச்சயமான கல்யாணம் இரண்டு நின்றுபோனது.

கலியமூர்த்தி ஒரு நாள் முழுக்கக் கிளையில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு படத்தையே பார்த்தார். பதினைந்தாம் நாள் காலையில் இறங்கிவந்து தீர்ப்புச் சொன்னார்.

"தலைகீழாப் பாத்தா அது இலை. நேராப் பாத்தா காது. முனியனோட ரசிகன் எதையும் நேராத்தான் பாப்பான்!"

விசில் காதைப் பிளந்தது. ஃப்ளெக்ஸைக் கிழித்தார்கள். சாயங்காலத்துக்குள் ஏகாம்பரமே சான்றிதழை வீட்டுக்குக் கொடுத்தனுப்பினார். 'மேற்படி முயல் எபிசோடு 27-ன்படி உயிருடன் உள்ளார்' என்று முத்திரை குத்தியிருந்தது. முள்ளம்பன்றி நாடாவைச் சுருட்டிக்கொண்டு, "சந்தோஷம்" என்று சொல்லிவிட்டுத் தொங்கிய முகத்தோடு போனது. பதினாறாம் நாள் செண்பகவடிவுக்கு ஐந்து குட்டிகள் பிறந்தன. சௌந்தரபாண்டி ஒவ்வொன்றையும் முகர்ந்து முகர்ந்து அழுதான், சந்தோஷத்தில்தான்.

கதை இங்கே முடிந்திருக்க வேண்டும். ரசிகர்கள் விட்டால்தானே! அப்படியானால் முப்பத்தொன்பதாவது எபிசோடில் முனியன் அழுதது யாருக்காக என்று ஒருவன் கேட்டுவிட்டான். நண்பன் ஒருவன் செத்தே ஆகவேண்டும். முன்கதையில் இருக்க வேண்டும், பழைய சேறில் இருக்கக் கூடாது. முதல் எபிசோடை மறுபடியும் ஓட்டினார்கள்.

"தலைவரே, பேப்பரோட நிக்கிறான் பாருங்க!"

கலியமூர்த்தியின் கண் கலங்கியது. "முறைக்கிறான்னு நெனச்சு சிரிச்சோமேய்யா, பாவிங்களா. அது பாசம்யா! நண்பன் சாப்பிடுறதைத் தூரத்துல நின்னு பாக்குற பாசம்!"

மறுநாள் அலுவலக வாசலில் புது ஃப்ளெக்ஸ். கண்ணீர் அஞ்சலி. நடுவில் ஏகாம்பரம், கையில் தாளோடு. கீழே வருந்துவோரில் ஆகப் பெரிய போட்டோ, கறுப்புக் கண்ணாடியோடு, 'காது புகழ்' சௌந்தரபாண்டி.

அதற்கு இரண்டு நாள் கழித்து, ஐந்து குட்டிகளின் பிறப்பைப் பதியச் சௌந்தரபாண்டி அலுவலகத்துக்குப் போனான். கவுண்டர் மூடியிருந்தது. 'குமாஸ்தா காலமானதால் விடுமுறை' என்று பலகை தொங்கியது. வரிசையின் கடைசியில் ஒரு படிவத்தைப் பிடித்துக்கொண்டு ஏகாம்பரம் நின்றிருந்தார். இரண்டே நாளில் பாதியாக இளைத்திருந்தார்.

"சௌந்தரபாண்டி! நீயாவது சொல்லுப்பா. நான் உயிரோடதானே இருக்கேன்?"

"சான்றிதழ் வாங்கிக்கலாமே சார்."

"கையெழுத்துப் போடுற அதிகாரம் எனக்கு மட்டும்தானே இருக்கு."

"அப்பப் போட்டுக்க வேண்டியதுதானே?"

"எப்படிப்பா போடுறது? நான்தான் செத்துட்டேனே."

சௌந்தரபாண்டிக்குப் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் கணக்கைப் பாருங்கள். உடும்பு உயிரோடு இருந்தால் செத்தது வேறு யாராவதாக இருக்க வேண்டும். அந்தக் காட்சியில் கெண்டை மீன் ஏற்கெனவே செத்துத்தான் இருந்தது. அப்புறம் மிச்சம் யார்? வீட்டில் கண் திறக்காத குட்டிகள் ஐந்து. வெளியே முதல் தூறல் விழ ஆரம்பித்திருந்தது.

"பழைய சேறுல எங்கயாவது புதருக்குப் பின்னாடி உங்க வாலு கீலு தெரியுமா சார்?" என்று கடைசியாக ஒருமுறை கேட்டான்.

"இல்லப்பா. அந்த வருஷம் நான் ஒரு நாள்கூட லீவு போடல."

சௌந்தரபாண்டி இரண்டு காதையும் தாழ்த்தினான். ஏகாம்பரத்தின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டான்.

"ரொம்ப நல்லவரா இருந்தீங்க சார்" என்றான்.

வரிசையில் பின்னால் நின்ற முள்ளம்பன்றி நாடாவை எடுத்தது.

நீதி: மூச்சு விடுவதையெல்லாம் ஆதாரமாக யாரும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள், உயிர் பிழைக்க வேண்டுமானால் பழைய எபிசோடு ஏதாவது ஒன்றில் ஒரு தேக்கிலை அளவுக்காவது தெரிந்து வையுங்கள்.