ஜன்னலோர மேஜை, ஒரே ஒரு நாற்காலி

மெக்கானிக் தன் மனைவியிடம் எதையுமே மறைத்ததில்லை. ஒரே ஒரு மேஜையை மட்டும் மறைத்தார்.

லிஃப்ட் மெக்கானிக் என்றால் நகரத்தில் எந்தக் கட்டடத்துக்குள்ளும் உரிமையோடு நுழையலாம். அப்படி நுழைந்து நுழைந்து இருபது வருஷத்தில் மூன்று புதையல்களைத் தோண்டியிருந்தார். ஒன்று, அச்சகத்துக்குப் பின்னால் ஒரு சின்ன பார். அங்கே டிவி கிடையாது, பக்கத்து ஸ்டூல்காரர் தன் சோகக் கதையைச் சொல்வதும் கிடையாது. இன்னொன்று, தரைக்குக் கீழே ஒரு துணிக்கடை. அங்கே ஒரு தையற்காரர், ஒன்றைப் போல் இன்னொன்று இல்லாமல் தைத்து மாட்டியிருப்பார். மூன்றாவதுதான் உயிர்: பழைய கட்டடம் ஒன்றின் ஏழாவது மாடியில் ஒரு சாப்பாட்டுக் கடை. ஜன்னலோரம் ஒரு மேஜை, ஒரே நாற்காலி. மிளகு தூக்கலாக சூப், மொறுமொறுவென்று மீன். கீழே ஊரே அடித்துப் பிடித்து ஓடும், இவர் சாவகாசமாக முள் எடுப்பார்.

ஏன் மறைத்தார்? பட்ட பாடு அப்படி. முன்பு ஒரு ரொட்டிக்கடையைப் பற்றி வாய்தவறி மனைவியிடம் சொன்னார். அம்மணி தன் தங்கையிடம் சொன்னார். மச்சினி காதில் விழுந்த பிறகு தண்டோரா எதற்கு? ஒரே மாதத்தில் வரிசை அடுத்த தெருவைத் தொட்டது. அன்றைக்கே சபதம் எடுத்தார்: தலையே போனாலும் ஏழாவது மாடி வாயிலிருந்து வராது.

புகார் போனெல்லாம் வீட்டுக்குத்தான் வரும். அம்மணி எடுத்து, நோட்டில் எழுதி, இவரை அனுப்புவார். செவ்வாய்க்கிழமை மட்டும் மெக்கானிக்கே, "அந்த ஏழு மாடி லிஃப்ட் மறுபடி முனகுதாம், ஒரு எட்டு பாத்துட்டு வர்றேன்" என்று கிளம்பிவிடுவார். மூன்று வருஷமாக முனகாத லிஃப்ட் அது.

வாழ்க்கை இப்படி இனித்துக்கொண்டிருந்தபோது வியாழக்கிழமை வந்தது.

"என்னங்க, ஊர்க்கோடியில பன்னெண்டு மாடிக் கட்டடம் இருக்கே, லிஃப்ட் நடுவுல நின்னு நின்னு போகுதாம்."

"போன வாரம்தானே பாத்தேன்?"

"அதுக்கு முந்தின வாரமும்தான் பாத்தீங்க."

நாலாவது வியாழன் இது. போய்ப் பார்த்தால் லிஃப்ட் வெண்ணெயாக வழுக்கும். வாட்ச்மேன், "நல்லாத்தானே ஓடுது சார்?" என்பார். வேறொருவராக இருந்தால் திரும்பி வந்திருப்பார். நம்மவருக்கோ தொழில் ரோஷம். சில கோளாறுகள் மெக்கானிக்கைக் கண்டால் ஒளிந்துகொள்ளும் என்பது அவர் சித்தாந்தம். அதைக் கையும் களவுமாகப் பிடிக்க, மூன்று வியாழனும் சாயங்காலம்வரை ஏறி இறங்கினார். தலை சுற்றியதுதான் மிச்சம்.

போதாததற்கு இன்னொரு வயிற்றெரிச்சல். அந்தத் துணிக்கடையில் மஞ்சள் உள்துணி வைத்த பச்சைக் கோட்டு ஒன்றை, மனைவி பிறந்தநாளுக்கென்று இரண்டு மாதமாகக் கண்வைத்திருந்தார். போன வாரம் போனால் காணோம். யாரோ தட்டிக்கொண்டு போய்விட்டார்கள். யாரிடம் சொல்லி அழ? திருடனுக்குத் தேள் கொட்டிய கதைதான்.

இந்த நாலாவது வியாழன் போனபோது வாட்ச்மேன், "இன்னைக்கு முழுக்க கரண்ட் இல்ல சார்" என்றதும் மெக்கானிக் உள்ளம் துள்ளியது. வீட்டுக்கு போன் போட்டார்.

"பெரிய கோளாறும்மா. சாயங்காலம் ஆயிடும்."

"பொறுமையா பாருங்க. அவசரமே இல்ல."

இப்படியும் ஒரு பெண்டாட்டியா! கண் கலங்க, ஏழாவது மாடிக்குப் பறந்தார்.

மேஜைமேல் ஒரு பூச்சாடி, முன்பதிவு அட்டை.

"என்ன இது? என் மேஜை!" என்றார்.

கடைக்காரம்மா கையைப் பிசைந்தார். "செவ்வாய்னா உங்களுதுதாண்ணே. வியாழக்கிழமை ஒரு அம்மா வருவாங்க. ஒரு மாசமா வாரம் தவறினதில்ல."

"எந்த அம்மா?"

லிஃப்ட் கதவு திறந்தது. முதலில் பச்சைக் கோட்டு வந்தது. அதற்குள் அம்மணி இருந்தார்.

"நீங்களா? அங்க லிஃப்ட் என்னாச்சு?"

"அது... சரியாயிடுச்சு."

"எப்படிச் சரியாகும்? கெட்டே போகலையே!"

கடைக்காரம்மா இன்னொரு நாற்காலியைக் கொண்டுவந்து போட்டார்.

"எப்படிக் கண்டுபிடிச்ச?"

"இந்தக் கட்டடத்துக்காரரு போன் பண்ணினாரு. 'மூணு வருஷமா லிஃப்ட்டுல ஒரு தொந்தரவு கிடையாது, உங்க வீட்டுக்காரருக்கு நன்றி சொல்லுங்க'ன்னாரு. சரி, தொந்தரவே இல்லாத லிஃப்ட்டுக்கு வாராவாரம் என்ன வைத்தியம்னு வந்து பாத்தேன். சூப் பிடிச்சுப் போச்சு."

"அப்போ இந்தக் கோட்டு?"

"உங்க பின்னாடியே வந்தப்ப அந்தக் கடையும் கிடைச்சுது. நல்லா இருக்கா?"

"உனக்குன்னு நான் பாத்து வச்சிருந்தேன்!"

"அதான் எனக்கே வந்துடுச்சே."

"ஏன் என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல?"

"நல்லா சொன்னீங்க! உங்ககிட்ட சொன்னா உங்க அண்ணன்கிட்ட சொல்லுவீங்க. அப்புறம் இந்த இடம் உருப்பட்ட மாதிரிதான். என் தங்கச்சிகிட்டகூட மூச்சு விடல."

மெக்கானிக் முதலில் முறைத்தார். பிறகு குலுங்கக் குலுங்கச் சிரித்தார். ஒரே மீனை இருவரும் பங்கு போட்டுத் தின்றார்கள். கல்யாணமான புதிதில்கூட அவ்வளவு பேசியதில்லை. தனியாகத் தின்ற மூன்று வருஷமும் வீண் என்று அவருக்கே தோன்றிவிட்டது. இனி வியாழன்தோறும் ஜோடியாகத்தான் என்று மனசுக்குள் புதுச் சபதம் எடுத்தார்.

அடுத்த வியாழன் காலை. அம்மணி முகத்தில் சிரிப்பே இல்லாமல், "என்னங்க, பன்னெண்டு மாடியில லிஃப்ட் நிக்குதாம்" என்றார்.

புரிந்துவிட்டது! மெக்கானிக் கண்ணடித்தார். சலவைச் சட்டை போட்டு, வாசனை தடவி, நேராக ஏழாவது மாடிக்குப் போய் உட்கார்ந்தார். எதிரே காலி நாற்காலி. சூப் வந்தது. ஆறியது.

"அம்மா இன்னும் வரலையா?"

"இனிமே வரமாட்டாங்கண்ணே. வேற இடம் பாத்துட்டாங்களாம்."

"வேற இடமா? எங்க?"

"எவ்வளவு கேட்டும் சொல்லலண்ணே. இங்க கூட்டம் ஜாஸ்தியாயிடுச்சுன்னு சொன்னாங்க."

மெக்கானிக் கடையைச் சுற்றுமுற்றும் பார்த்தார். அவரைத் தவிர ஈ, காக்கை இல்லை.