படியைக் கீழிருந்து துடைக்கிற பேய்

என் பொம்மைக்காரரே,

உங்கள் வீட்டுக்காரி வணக்கத்தோடு எழுதிக்கொள்வது. கடிதம் என்றால் முதலில் நலம் எழுத வேண்டும் என்று நான் படித்த கொஞ்சநஞ்சப் படிப்பில் சொல்லிக்கொடுத்தார்கள். ஆகையால், என் முட்டிவலி நலம். சமையலறைக் குழாயின் ஒழுகல் நலம். நாற்காலியில் நீங்கள் கழற்றிப் போட்ட சட்டை அப்படியே நலம். உங்கள் நலத்தை யாரிடம் விசாரிப்பது என்று தெரியாததால் விட்டுவிடுகிறேன்.

பொம்மைகளை நகர்த்தி நகர்த்திப் போட்டோ பிடித்து நீங்கள் பாதியில் விட்டுப்போன பேய்ப் படத்தை முடித்துவிட்டார்கள். வெளியே விடுவதற்கு முன்னால் வேலை செய்தவர்களின் குடும்பத்துக்கு மட்டும் போட்டுக் காட்டுகிறோம் என்று டைரக்டர் கூப்பிட்டார். தம்பியைத் துணைக்கு அழைத்துக்கொண்டு போனேன். "பாத்துட்டு நல்லது கெட்டது ரெண்டையும் மறைக்காம சொல்லுங்கம்மா" என்றார். அவரிடம் சொல்ல வாய் வரவில்லை. இத்தனை வருஷம் என்னிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவர் நீங்கள்தானே, உங்களிடமே சொல்கிறேன்.

நல்லதை முதலில் சொல்கிறேன், சீக்கிரம் முடிந்துவிடும். அந்தப் பாழடைந்த பங்களா பிரமாதம். மெழுகுவர்த்தி எரிகிற இடமெல்லாம் சுவரில் நிழல் ஆடுவது நிஜம் போலவே இருக்கிறது. பஞ்சைப் பிய்த்துப் பிய்த்துப் புகை செய்தீர்களே, வீடெல்லாம் பறந்து எனக்குத் தும்மல் நிற்காமல் வந்ததே, அந்தப் புகையைப் பார்த்துப் பின்வரிசையில் ஒரு அம்மாள் இருமினார். இதைவிடப் பாராட்டு உங்களுக்கு வேண்டாம்.

இனி கெட்டது. படம் முழுக்க மருந்துக்குக்கூட வெயில் இல்லை, துணி காயப்போட்டால் எப்போது காயும் என்றுதான் எனக்கு யோசனை, ஆட்கள் எல்லாரும் குச்சிக்குக் கண் வைத்த மாதிரி ஒல்லி, அந்த வீட்டில் சோறு போடுவார்களா மாட்டார்களா, கதவைத் திறந்தால் இடி விழுந்த மாதிரி வாத்தியம், மூடினால் அதற்கும் ஒன்று, நடுவில் பேசுகிற வௌவால் வேறு சும்மா சும்மா வந்து ஜோக் அடிக்கிறது, தம்பி மட்டும் சிரித்தான், அவன் எதற்கும் சிரிப்பான். கதைதான் என்ன? வேலைக்காரி செத்துப்போகிறாள். செத்தது தெரியாமல் தினமும் வந்து படிக்கட்டைத் துடைக்கிறாள். எஜமானன் கண்ணுக்கு அவள் தெரியவில்லையாம். உயிரோடு இருந்தபோது மட்டும் தெரிந்தாளா என்று மனசுக்குள் கேட்டேன், சத்தமாகவே கேட்டுவிட்டேன் போலிருக்கிறது, முன்வரிசை திரும்பிப் பார்த்தது. அதுவும் படியைக் கீழிருந்து மேலே துடைத்துக்கொண்டு போகிறாள். துடைத்த இடத்தையெல்லாம் மிதிக்காமல் அவள் எப்படி இறங்குவாள்? ஒரு நாளாவது வீட்டில் துடைப்பத்தைத் தொட்டிருந்தால் உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

நடுப்படியில் நின்றாள். இடுப்பில் கை வைத்தாள். நெற்றியில் விழுந்த முடியை உதட்டால் ஊதிவிட்டு, வலது காலை லேசாக இழுத்துக்கொண்டு அடுத்த படி ஏறினாள். தம்பி என் கையைக் கிள்ளினான்.

"அக்கா, இது நீதானேக்கா!"

"வாயை மூடுடா."

"சத்தியமா நீதான். அந்த ஊதுறதைப் பாரேன். மாமா உன்னைப் பேயாக்கிட்டாருக்கா!"

"இன்னொரு வாட்டி எந்திரிச்சு நட, பாக்கலாம்" என்று வீட்டில் கேட்டுக்கொண்டே இருந்தீர்களே, ஆசையில் கேட்கிறீர்கள் என்று நினைத்து நானும் பைத்தியக்காரி மாதிரி தண்ணீர்ச் செம்பை வைக்கவும் எடுக்கவுமாக நடந்தேன். பேய்க்கு அளவெடுக்கிறீர்கள் என்று யார் கண்டது?

படம் முடிந்ததும் டைரக்டர் என்னைப் பக்கத்து அறைக்குக் கூட்டிப்போனார். சின்னத் திரையில் அவள் படியேறுகிற இடத்தை ஓடவிட்டு நிறுத்தினார். பொம்மையின் தோளுக்குப் பக்கத்தில் ஒரு கை. கட்டைவிரலில், பொம்மை ஒட்டுகிற சூட்டுப் பசை கொட்டிய தழும்பு.

"பொம்மையை ஒரு நூலளவு நகத்திட்டு, கையை எடுத்துட்டுத்தாம்மா போட்டோ எடுக்கணும். இதுல கையும் சேந்து விழுந்திடுச்சு. படத்துல கண் இமைக்கிற நேரந்தான் வரும். கம்ப்யூட்டர்ல துடைச்சிடலாம். ஆனா இது அவர் எடுத்த கடைசி போட்டோ. இதுக்கப்புறந்தான் நெஞ்சைப் பிடிச்சிட்டு உக்காந்தாரு. உங்களைக் கேக்காம செய்ய மனசு வரல."

"யோசிச்சுச் சொல்றேன்" என்று வந்துவிட்டேன்.

நீங்கள் விட்ட அந்தப் படிக்கு மேலே வேறு யாரோ அவளை நகர்த்தியிருக்கிறார். காலை இழுக்காமல், முடியை ஊதாமல், நேராக, அழகாக நடந்து போகிறாள். அவள் நான் இல்லை. படத்தில் பெரிய குறை அதுதான்.

யோசித்துவிட்டேன். கையைத் துடைக்கச் சொல்லப் போகிறேன். பொம்மையின் தோளில் ஒரு தூசி விழுந்ததற்கு ஒரு நாள் வேலையையே தூக்கிப் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் படுத்தவர் நீங்கள். இந்தத் தப்பை ஊர் பார்க்க விட்டால் கனவில் வந்து திட்டுவீர்கள். அதற்காகவே விடலாமா என்றுகூட ஒரு நிமிஷம் நினைத்தேன். வேண்டாம்.

போன இடத்தில் கழுத்தை வளைத்துக்கொண்டே உட்கார்ந்திருக்காதீர்கள். கண்ணுக்கு ஓய்வு கொடுங்கள். முன்னால் போன பெரியவர்களுக்கு என் வணக்கம். உங்கள் அம்மாவுக்கும்தான், வேறு வழியில்லை.

இப்படிக்கு,
உயிரோடு இருக்கும் அசல்

பின்குறிப்பு: கடிதத்தை மடிக்கும்போது டைரக்டர் போன் செய்தார். "துடைச்சிடுங்க" என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "அதுமேல யாராவது கை வச்சீங்க, அப்புறம் நான் மனுஷியா இருக்க மாட்டேன்" என்று வந்துவிட்டது. சரி சரி என்றார். படம் எப்படி என்று கேட்டார். ஒரு குறையும் இல்லை என்றேன். ஆகையால் மேலே எழுதியதில் உங்களைத் திட்டியதை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை அடித்துவிடுங்கள். நாளைக்கு மறுபடி போகிறேன். படம் வேண்டாம், அந்த ஒரு போட்டோவை மட்டும் நிறுத்தி வையுங்கள் என்று சொல்லியிருக்கிறேன். எவ்வளவு நேரம் பார்த்தாலும் தெரியாது என்கிறார் அவர். ஏங்க, அந்தக் கை அவளைத் தொட வருகிறதா, தொட்டுவிட்டுப் போகிறதா?