சேந்தன் கேட்ட மன்னிப்பு

நடுக்கடலில் நவத்தீவு என்றொரு நாடு இருந்தது. ஒன்பது தீவுகளுக்கும் ஒன்பது கொடிகள், ஒன்பது விதமான மீன்குழம்பு, ஒன்பது விதமான வீம்பு. அவர்களை ஒரே நாட்டவர் என்று நினைக்க வைத்தது கிரிக்கெட் மட்டும்தான். அதனால் அங்கே தனியாக அரசாங்கம் தேவைப்படவில்லை. கிரிக்கெட்டை நடத்திய பேரவையே சாலை போட்டது, மருத்துவமனை கட்டியது, சிறையும் வைத்திருந்தது. அணி வென்ற ஆண்டில் தேர்தல் நடக்கும், பேரவை ஜெயிக்கும். தோற்ற ஆண்டில் தேர்தல் தள்ளிவைக்கப்படும்.

அந்த நாட்டின் மிகச் சிறிய தீவான கொக்குத்தீவிலிருந்து வந்தவன் சேந்தன். இடக்கை ஆட்டக்காரன். பந்து வந்து விழுவதற்குள் அது எங்கே போக வேண்டும் என்று அவன் முடிவு செய்துவிடுவான் என்பார்கள். ஆனால் ஓரிடத்தில் இருப்புக் கொள்ளாது. பெவிலியனில் கூண்டுப்புலி மாதிரி நடப்பான். கேப்டனோடு மோதுவான், பயிற்சியாளரோடு பேச்சை நிறுத்துவான். ஒருமுறை ஆட்டமிழந்த கோபத்தில் மட்டையை வீசி ஜன்னலை உடைத்தான். அதற்குத் தண்டனை வந்தபோது தலை குனிந்து ஏற்றுக்கொண்டான். தப்பு தன்னுடையதுதான் என்று அவனுக்குத் தெரியும்.

இளவயதில் வடகரை வல்லரசுக்கு எதிராக அவன் அடித்த இரட்டைச் சதம் பேரவைக்கு ஒரு தேர்தலை வாங்கிக் கொடுத்தது. பெருந்தலைவர் மங்கலக்கிழார் அவனைத் திறந்த வண்டியில் ஏற்றி ஊர்வலம் விட்டார். அதன்பின் சிறு தீவுகளுக்குப் போகும் பயணப் படகுகள் பேரவை விருந்தினர்களின் உலாவுக்கென்று நிறுத்திக்கொள்ளப்பட்டன.

அந்த மழைக்காலத்தில் சேந்தனின் அக்கா பூமயிலின் கணவரைத் திருக்கைமீன் கொட்டியது. மருத்துவமனை தலைநகரத் தீவில் இருந்தது. படகு வரவில்லை. காற்று அடங்கியதும் பூமயில் தன் சின்ன வள்ளத்தில் வைத்துத் துடுப்புப் போட்டு அவரைக் கொண்டுபோய்ச் சேர்த்தாள். உயிர் பிழைத்தது, கால் போய்விட்டது.

மறுவாரம் வானொலிக்காரர்கள் சேந்தனிடம் ஆடுகளத்தைப் பற்றிக் கேட்டார்கள். அவன் படகைப் பற்றிச் சொன்னான்.

அன்று மாலையே அவன் அணியிலிருந்து நீக்கப்பட்டான். நாட்டின் கண்ணியத்துக்கு எதிராக ஆடினான் என்பது குற்றச்சாட்டு. அவனில்லாத அணி தோற்றது. பேரவை கூடி ஆராய்ந்து, பார்வையாளர்கள் பெருமூச்சு விடுவதே தோல்விக்குக் காரணம் என்று கண்டறிந்து அதைத் தடைசெய்தது. அணி மறுபடியும் தோற்றது. தோல்வி என்ற சொல் நீக்கப்பட்டு, 'தாமதமான வெற்றி' என்று அறிவிக்கப்பட்டது. அப்புறமும் தோற்றபோது, புல் களைத்துப்போயிருப்பதாகச் சொல்லி தலைநகர மைதானம் தவிர நாட்டிலுள்ள எல்லா மைதானங்களுக்கும் வேலி போட்டார்கள். கொக்குத்தீவில் மைதானம் என்று இருந்தது மீன் உலர்த்தும் களம்தான். அதற்கும் வேலி வந்தது. மீன் வள்ளங்களிலேயே அழுகியது.

சேந்தன் வெளிநாடுகளில் கூலிக்கு ஆடினான். ஒரு பருவம் இந்த ஊர், மறு பருவம் அந்த ஊர். எந்த நிறச் சட்டை கொடுத்தாலும் போட்டுக்கொண்டு சதம் அடித்தான். கைதட்டியவர்களின் மொழி அவனுக்குப் புரியவில்லை. எந்த ஊரிலும் பெட்டியை முழுதாகப் பிரித்ததில்லை. போகிற இடமெல்லாம் சண்டை பிடித்தான், பாதியில் கிளம்பினான். நவத்தீவில் ஆட்டம் நடக்கிற நாட்களில் யார் பேசினாலும் எரிந்து விழுந்தான்.

தேர்தலை இனியும் தள்ளிவைக்க முடியாது என்ற நிலை வந்தபோது, ஒழுங்குச் செயலர் நன்னயர் அவனைத் தேடிக் கடல் கடந்து வந்தார். பேரவை பெருந்தன்மையோடு அவனைத் திரும்ப அழைப்பதாகவும், அவன் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டால் போதும் என்றும் சொன்னார்.

"எதுக்குங்க மன்னிப்பு?" என்றான் சேந்தன்.

"அதைப் பின்னர் ஒரு குழு அமைத்து முடிவு செய்வோம். முதலில் மன்னிப்பைப் பெற்றுக்கொள்வதே மரபு."

கொக்குத்தீவுக்குப் படகு விட்டால் கேட்கிறேன் என்றான் சேந்தன். விடுவோம் என்றார் நன்னயர். அவன் கேட்டான். வானொலி அதைத் திரும்பத் திரும்ப ஒலிபரப்பியது.

வடகரையோடு ஆட்டம் தொடங்குவதற்கு முன் பூமயில் தலைநகரத்துக்கு அவனைப் பார்க்க வந்தாள். வள்ளத்தில்தான் வந்தாள். கை காய்த்துப் போயிருந்தது.

"படகு வரலையாக்கா?"

"ஜெயிச்சதும் விடுறாங்களாம். தம்பி, நீ ஜெயிச்சா அவங்கதானடா ஜெயிப்பாங்க," என்றாள்.

அவன் அறையின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தான். "தோத்துரட்டுமா? சொல்லு."

பூமயில் எழுந்து போய்விட்டாள்.

சேந்தன் களமிறங்கும்போது அணி பாதி விழுந்திருந்தது. தோற்றுவிடலாம் என்ற எண்ணத்தோடுதான் நின்றான். முதல் பந்து கால்பக்க ஸ்டம்பை நோக்கி வந்தது. விட்டிருந்தால் ஸ்டம்பு போயிருக்கும். கை விடவில்லை. அது எல்லைக்கோட்டைத் தாண்டிப் போனபோது அவனுக்குத் தன்மீதே ஆத்திரம் வந்தது. ஒவ்வொரு ஓட்டமும் பேரவைக்குப் போகிறது என்று தெரிந்தே ஓடினான். சதம் கடந்தபோது, அதே கணக்குத் தெரிந்த கூட்டம் கைதட்டவில்லை. சும்மா உட்கார்ந்து அவனைப் பார்த்தது. அந்த அமைதியைச் சுமந்துகொண்டே கடைசி ஓட்டத்தையும் எடுத்து அணியை ஜெயிக்க வைத்துவிட்டு, பெவிலியனில் முகத்தைத் துண்டால் மூடி உட்கார்ந்திருந்தான்.

மங்கலக்கிழார் உடனே தேர்தலை அறிவித்தார். சிறு தீவு மக்கள் நன்றியோடு வந்து வாக்களிக்க, எல்லாப் படகுகளும் தேர்தலன்று ஒரு நாள் ஓட வேண்டும் என்று ஆணையிட்டார். இத்தனை படகுகள் இருந்தும் தங்களுக்கு வரவில்லை என்பதைச் சிறு தீவுகள் அன்றுதான் கண்ணால் கண்டன. அவற்றில் ஏறி வந்தவர்கள் பேரவையைத் தோற்கடித்துவிட்டு அதே படகுகளில் வீடு திரும்பினார்கள்.

புதிய பேரவை பதவியேற்றது. மறுநாளிலிருந்து படகுகளைக் காணவில்லை.

சில வாரங்களில் கொக்குத்தீவின் துறையில் ஒரு பேரவைப் படகு வந்து நின்றது. நன்னயர் இறங்கினார். தோளில் புதிய நிறத்தில் சால்வை. ஊர் திரும்பியிருந்த சேந்தனிடம், தொடர்ந்து ஆட வேண்டுமானால் புதிய பெருந்தலைவரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றார்.

"இப்ப எதுக்கு?"

"முந்தைய பேரவைக்காக ஆட்டத்தை வென்று கொடுத்ததற்கு."

சேந்தன் வாயைத் திறப்பதற்குள் பூமயில் முன்னால் வந்தாள். "எங்ககிட்ட இருந்த மன்னிப்பெல்லாம் தீர்ந்துபோச்சுங்க. உங்ககிட்ட ஏதாவது இருந்தா குடுத்துட்டுப் போங்க."

அப்படியொன்றுக்கு விதிகளில் இடமிருக்கிறதா என்று நன்னயர் உண்மையாகவே யோசித்தார். அவர் யோசித்துக்கொண்டிருக்கும்போதே, துறையில் காத்திருந்த ஒரு கர்ப்பிணிப் பெண் அவருடைய படகில் ஏறி உட்கார்ந்தாள். அவளுக்குப் பின்னால் அவள் தாய். பிறகு இருமிக்கொண்டிருந்த கிழவர் ஒருவர். அதன்பின் மீன்கூடைகள். சேந்தன் கட்டுக்கயிற்றை அவிழ்த்தான்.

"இது பேரவையின் படகு. எனக்குரிய இருக்கை எங்கே?" என்றார் நன்னயர்.

"கூடையை மடியில வச்சுக்கிட்டா உக்காரலாம்," என்றாள் கர்ப்பிணிப் பெண்.

நன்னயர் சுற்றும்முற்றும் பார்த்தார். தலைநகரம் போக வேறு படகு இல்லை. ஏறி உட்கார்ந்து கூடையை வாங்கிக்கொண்டார்.