பாதிவிலை சாரின் கார் ஷெட்

கடவுளே நேரில் வந்து வரம் தருகிறேன் என்றாலும், "இப்ப வேணாம், ஆடி மாசம் வாங்க" என்று திருப்பி அனுப்பக்கூடிய ஒரே மனிதர், எனக்குத் தெரிந்து பாதிவிலை சார்தான்.

பெற்றோர் வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருந்தது. ரேஷன் கார்டில் பார்த்திருக்கிறேன், மறந்துவிட்டது. செங்கல்பட்டில் எங்கள் தெருவில் தபால்காரருக்குக்கூட அவர் பாதிவிலை சார்தான். படாளத்துப் பக்கம் விவசாயக் குடும்பம். கடற்கரையோரம் ஒரு மத்திய அரசு அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் வேலை. தொண்ணூறுகளின் நடுவில் நான் அவர் பக்கத்து வீட்டுக்குக் குடிபோனேன். அதுவரை எனக்கு ஞாயிற்றுக்கிழமை என்று ஒரு கிழமை இருந்தது.

முதல் வாரமே காம்பவுண்டுச் சுவருக்கு மேல் தலை தெரிந்தது.

"சார், சும்மாதான கீறீங்க? ஒரு கை புடிங்க."

பிடித்தேன். அது ஒரு பட்டறை வைஸ். இரும்பை நெரித்துப் பிடிக்கும் சாதனம். அன்று அது என் இடுப்பைப் பிடித்தது, இன்னும் விடவில்லை.

"எதுக்கு சார் இது?"

"பாதி வெல சார்!"

"அது சரி. எதுக்கு?"

"எதுக்குன்றத அப்புறம் பாத்துக்கலாம். பாதி வெல இன்னிக்கித்தான."

இந்தத் தர்க்கத்தை முறியடிக்க நான் படித்த நூல்கள் எதிலும் வழி சொல்லப்படவில்லை.

அவர் வீட்டில் ஒரு கார் ஷெட் இருந்தது. அதைச் சொந்த ஒர்க்‌ஷாப்பாக மாற்றுவது அவர் லட்சியம். கடை காலி செய்கிறார்கள், பட்டறையை மூடுகிறார்கள், மழையில் நனைந்த சரக்கு என்று எங்கே போர்டு தொங்கினாலும் அவருக்கு மூக்கில் வியர்க்கும். சாமான் வாங்குவது அவர், தூக்குவது நான்.

ஒரு ஸ்பேனர் செட் வாங்கினார். அதில் பத்தாம் நம்பர் மட்டும் கிடையாது. அதனால்தான் பாதி விலை. அந்தக் குறை தீர இன்னொரு செட் வாங்கினார். அதிலும் பத்தாம் நம்பர் கிடையாது; அதனால்தான் அதுவும் பாதி விலை. பிறகு இரண்டு டன் தூக்கும் செயின் பிளாக் வந்தது. ஷெட்டின் கூரையோ ஆஸ்பெஸ்டாஸ். ஒரு காக்கை உட்கார்ந்தாலே யோசிக்கும். எனவே செயின் பிளாக் தரையில் கிடந்தது. அதை ஓரமாக நகர்த்த இன்னொரு செயின் பிளாக் தேவைப்பட்டது, நான் இருந்தேன். ஒரு கம்ப்ரஸர் வந்தது. அதைப் போட்டால் தெருவில் எல்லா வீட்டு டி.வி.யிலும் சீரியல் நாயகி சுருங்கிப் போவாள். சுருங்கியதும் ஏழெட்டு வீடுகளிலிருந்து "சார்ர்ர்!" என்று ஒரே குரல் எழும்.

இத்தனைக்கும் நடுவில் ஒரு காரும் இருந்தது. யாரோ ஓட்டி ஓய்ந்துபோன பச்சைக் கார். அதையும் பாதி விலைக்குத்தான் வாங்கினார், சக்கரம் இல்லாததால். ஜாக்கி மேல் நிறுத்தி, தார்ப்பாய் போர்த்தினார். நாளடைவில் அதன் மேல் ஸ்பேனர்கள், கிரீஸ் டப்பா, வெல்டிங் முகமூடி எல்லாம் குடியேறின. சில வருடங்களில் அது கார் என்பதே எங்களுக்கு மறந்து, "அந்த மேசை மேல வைங்க சார்" என்று பேச ஆரம்பித்துவிட்டோம்.

மறக்காதவர் அவர் மனைவி சரோஜா அக்கா மட்டும்தான். அக்காவின் தம்பி வீடு மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில். அக்கா ஒவ்வொரு முறையும் திருக்கழுக்குன்றம் வழியாகப் பஸ்ஸில் நசுங்கிப் போய் இறங்குவார். ஒருமுறை பத்துப் பேர் நடுவில் தம்பி பெண்டாட்டி கேட்டுவிட்டாள்: "அண்ணி, உங்க வூட்ல கார் ஷெட்டு கீதுன்னு தெரியும். காரு கீதா?"

திரும்பி வந்த அக்கா கணவரிடம் சத்தம் போடவில்லை. "இனிமே நம்ம கார்லதான் அங்க போவேன். இல்லன்னா போ மாட்டேன்" என்றார். சொன்னபடி இரண்டு பொங்கலுக்குப் போகவில்லை. தம்பி போன் செய்தால் சமையலறைக்குப் போய்ப் பேசுவார்; திரும்பி வரும்போது மூக்கு சிவந்திருக்கும்.

அந்தச் சமயத்தில்தான் ஜி.எஸ்.டி. ரோட்டை அகலப்படுத்தினார்கள். ஒரு கடைக்கு முகப்பு போயிற்று. ஷட்டர் பாதி விலைக்கு வந்தது. தூக்கி வந்து வைத்துப் பார்த்தால், ஷெட்டின் வாசலைவிடச் சின்னது.

"இன்னா இப்போ? வாசலச் சின்னதாக்கிட்டா போவுது" என்றார்.

கொத்தனார் வந்தார். இரண்டு பக்கமும் செங்கல் தூண் எழுப்பினார். ஷட்டரை அளந்தோம், வாசலை அளந்தோம், அளவு டேப்பின் மறுமுனையை நானே பிடித்தேன். ஷட்டர் கச்சிதமாகப் பொருந்தியது. மூவரும் அந்த மேசை மேல் டம்ளரை வைத்து டீ குடித்தோம்.

பிறகு தம்பி மகளுக்குக் காதுகுத்து என்று பத்திரிகை வந்தது. அத்தை சீர் வைக்க வேண்டும். பாதிவிலை சார் லீவு போட்டார். தார்ப்பாயை உருவினார். பாதி விலைக்கு நாலு சக்கரம் தேடிப் பிடித்து மாட்டினார். ஒரு மாதம் ஷெட்டுக்குள்ளேயே கிடந்தார். ஒருநாள் ஷெட்டிலிருந்து இருமல் சத்தம் கேட்டது. அவர்தான் என்று நினைத்தேன். கார்! தெருவே ஓடிவந்து கைதட்டியது.

"வெளிய எடுத்து ஒரு ரவுண்டு பாக்கலாமே?" என்றேன்.

"அதெல்லாம் கூடாது" என்றார் அக்கா. "மொத மொதல்ல நல்ல நேரத்துலதான் வாசலத் தாண்டணும்."

காதுகுத்து அன்று காலை. காருக்கு மாலை, சந்தனம், பொட்டு. முன்சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம். சீர்த் தட்டுகளோடு அக்கா பட்டுப்புடவையில் வெளியே நின்றார். கார் உறுமியது. எலுமிச்சம்பழம் நசுங்கியது. அடுத்து நசுங்கியது இரண்டு பக்க மட்கார்டும்.

தூணுக்கும் தூணுக்கும் நடுவே, மாலையோடு, கார் நின்றது. எனக்கு அந்த அளவு டேப் நினைவுக்கு வந்தது.

"டாக்சி கூப்பிடட்டுமா?" என்றேன்.

"தம்பி பொண்டாட்டி மொதல்ல நம்பர் போர்டத்தான் சார் பாப்பா" என்றார் அக்கா. "மஞ்சளா இருந்தா போதும் அவளுக்கு." தட்டைக் கீழே வைத்தார். "வுடுங்க. நான் போவல." அழவில்லை. கழுத்து நகையைக் கழற்றுவதற்காகக் கையைப் பின்னால் கொண்டுபோனார்.

பாதிவிலை சார் காருக்குள்ளிருந்து பின்கதவு வழியாக இறங்கி ஷெட்டைச் சுற்றிப் பார்த்தார். அத்தனை ஆண்டுத் தள்ளுபடி அங்கே இருந்தது. சுவரை இடிக்க ஒரு சாமான் இல்லை. கடப்பாரைக்கு எந்தக் கடையிலும் தள்ளுபடி போடுவதில்லை. காரின் மூக்கு மேல் ஏறி, ஷட்டருக்கு அடியில் எப்படியோ நெளிந்து வெளியே வந்தார், ஓடினார். பின்னால் நானும் ஓடினேன், பழக்கதோஷம்.

முனை இரும்புக்கடை. அப்போதுதான் திறந்து ஊதுவத்தி ஏற்றிக்கொண்டிருந்தார் கடைக்காரர்.

"கடப்பார குடு."

"வா சார். காலைல மொத போணி. உனக்குன்னா கொறச்சிப் போட்டுத் தர்றேன்..."

"கொறைக்காத. முழுப் பணம் எடுத்துக்க. சீக்கிரம் குடு நைனா!"

கடைக்காரர் கையில் ஊதுவத்தியோடு அப்படியே நின்றார். நானும்தான். அந்த வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வந்து அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை.

ஒரு பக்கத் தூணை அவர் இடித்தார். மூச்சு வாங்கியபோது மறு பக்கத்தை நான். கார் வெளியே வந்தபோது பச்சை போய்ச் செங்கல் நிறமாகியிருந்தது. நாங்களும் அதே நிறம். அக்கா கழற்றிய நகையை மறுபடி போட்டுக்கொண்டு முன்சீட்டில் உட்கார்ந்தார். சீர்த் தட்டுகள் என் மடியில்.

முகூர்த்தம் முடிய கொஞ்ச நேரம் இருக்கும்போது போய்ச் சேர்ந்தோம். அக்கா இறங்கிக் கதவை இரண்டு முறை சாத்தினார். முதல் முறை சரியாகத்தான் சாத்தியிருந்தது.

தம்பி பெண்டாட்டி காரைச் சுற்றி வந்தாள். "இன்னா அண்ணி, ஒரே தூசா கீது?"

"ரோட்ட அகலம் பண்றாங்க இல்ல" என்றார் அக்கா.

பாதிவிலை சார் ஓய்வு பெற்றுப் படாளத்துக்கே போனபோது, சாமான்களையெல்லாம் தெருவுக்குப் பிரித்துக் கொடுத்தார். ஆளுக்கு ஒரு ஸ்பேனர் செட், பத்தாம் நம்பர் இல்லாமல். என்னிடம் கடப்பாரையைக் கொடுத்தார்.

"பத்தரம் சார். முழு வெல."

அதன் பிறகு எனக்கு ஞாயிற்றுக்கிழமைகள் திரும்பக் கிடைத்துவிட்டன. அவற்றை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாமல், மாதம் ஒருமுறை அந்தக் கடப்பாரைக்குத் துருப்பிடிக்காமல் எண்ணெய் தடவிக்கொண்டிருக்கிறேன்.